பெரிய திட்டங்களைப் பணி மேலாண்மை மென்பொருளில் ஒழுங்குபடுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முந்நூறு, நானூறு பணிகளை ஆசை ஆசையாக மென்பொருளில் ஏற்றிவிட்டு, மூன்றாம் மாதம் அதைத் திறக்கவே மனம் வராமல் தவிப்பவர்கள் பலர். அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். எதைக் கேட்டாலும் என் பதில் சுற்றிச் சுற்றி ஓரிடத்துக்கு வந்து சேரும்: பட்டியலில் இருப்பது உண்மையா? "அதில் போட்டிருப்பது கிடக்கட்டும், நேரில் கேட்டுக்கொள்கிறேன்" என்று குழுவில் ஒருவர் சொன்ன அன்றே பட்டியலின் உயிர் போய்விட்டது.

உதாரணத்துக்கு ஒரே திட்டத்தைப் பிடித்துக்கொள்கிறேன். 40,000 புத்தகங்கள் உள்ள ஒரு நூலகம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. போகிற போக்கில் பழைய நூல் அட்டவணையையும் கணினிக்கு ஏற்ற வேண்டும்.

எந்த அளவைத் தாண்டினால் ஒரு திட்டம் 'பெரியது'?

பணிகளின் எண்ணிக்கையை வைத்து நான் அளப்பதில்லை. 200 பணிகளை ஒரே நீளப் பட்டியலில் வைத்துத் தனி ஆளாக முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முழு விவரத்தையும் ஒருவர் மண்டைக்குள் வைத்திருக்க முடியாது என்ற நிலை வந்தால் அது பெரிய திட்டம். ஒருவர் முடித்தால்தான் இன்னொருவர் தொடங்க முடியும் என்ற கண்ணிகள் நிறைய இருந்தாலும் பெரிய திட்டம்தான். அவ்வளவு இல்லையென்றால் ஒரு நோட்டு போதும், இந்தப் பக்கத்தையும் மூடிவிடலாம்.

எந்த மென்பொருள் நல்லது?

உங்கள் குழு ஏற்கெனவே தினமும் திறப்பது எதுவோ அது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வசதி குறைந்த கருவியை எல்லோரும் பயன்படுத்துவது, வசதி மிகுந்த கருவியை இரண்டே பேர் பயன்படுத்துவதைவிட மேல்.

ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறவிக் குணம் உண்டு. ஜிரா 2002-இல் மென்பொருள் பிழைகளைப் பின்தொடரும் கருவியாக வந்தது. அதனால் ஒரு பணி எந்தெந்த நிலைகளைக் கடந்து 'முடிந்தது' என்பதை அடைய வேண்டும் என்று கட்டுக்கோப்பாக வகுப்பதில் அது கெட்டி. 2011-இல் வந்த ட்ரெல்லோ, பணிக்கு ஒரு கார்டு என்று வைத்து, அதை இழுத்து வேறு லிஸ்டில் விடும் எளிமையையே நம்பியது. கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும், ஆனால் 300 கார்டுகள் ஆனதும் கண் கட்டும். ஆசனாவில் ஒரே பணி ஒரே நேரத்தில் பல திட்டங்களில் இருக்கலாம். பல பிரிவுகள் கலக்கும் வேலைக்கு இது பெரிய வரம்.

எங்கிருந்து உடைக்கத் தொடங்குவது?

மென்பொருளை மூடிவிட்டுத் தொடங்குங்கள். காலிப் பெட்டியில் வலது பக்கம் கூட்டல் குறியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. தோன்றிய வரிசையில் எல்லாம் உள்ளே போகும். ஒரு தாளில், திட்டம் முடிந்த நாளன்று கையில் என்னென்ன இருக்கும் என்று எழுதுங்கள். நூலகத்துக்கு: சீர்செய்த கணினி அட்டவணை, பார்கோடு ஒட்டிய புத்தகங்கள், பொருத்தி முடித்த அலமாரிகள், அடுக்கி வைத்த தொகுப்பு, புது முகவரியை அறிந்த வாசகர்கள். ஐந்தே ஐந்து. மேல்தட்டில் இவைதான் இருக்க வேண்டும்.

பலரும் மேல்தட்டில் துறைகளை வைப்பார்கள்: கணினிப் பிரிவு, நிர்வாகம், ஒப்பந்ததாரர். அல்லது 'திட்டமிடல்', 'செயல்படுத்தல்', 'சோதனை' என்று கட்டங்களை வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 'திட்டமிடல்' எப்போது முடியும் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு பதில் வரும். 'பார்கோடு ஒட்டிய புத்தகங்கள்' முடிந்ததா என்பதை அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்படி விளைவை வைத்துப் பகுப்பது புது யோசனை அல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1968-லேயே வேலைப் பகுப்பு அமைப்பைத் தரநிலையாக வெளியிட்டது. அந்த மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று: ஒரு தலைப்பின் கீழுள்ளவை எல்லாம் சேர்ந்தால் அந்தத் தலைப்பு முழுதாக நிறைய வேண்டும், ஒன்று குறையவும் கூடாது, ஒன்று மிஞ்சவும் கூடாது. இதை நூறு சதவீத விதி என்பார்கள். கீழே உள்ள எல்லாவற்றையும் டிக் அடித்துவிட்டோம், ஆனாலும் தலைப்பு முடியவில்லை என்றால், எங்கோ எழுதப்படாத வேலை ஒளிந்திருக்கிறது. கிழிந்த புத்தக அட்டைகளுக்கு ஒட்டுப் போடும் வேலையை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதாத அந்த வேலைதான் திட்டத்தை மூன்று வாரம் தள்ளிப்போடும்.

ஒரு பணி எவ்வளவு சின்னதாக இருக்கலாம்?

திட்ட மேலாளர்களிடம் 8/80 என்ற கைக்கணக்கு உண்டு: 8 மணி நேரத்துக்குக் குறைந்ததைத் தனியாகப் பிரிக்காதே, 80 மணி நேரத்துக்கு மேற்பட்டதைப் பிரிக்காமல் விடாதே. மேல் வரம்பு எனக்குச் சற்றுத் தாராளமாகத் தோன்றுகிறது. 80 மணி என்றால் இரண்டு வாரம். வேலை சிக்கிக்கொண்டது என்று தெரிவதற்கே அவ்வளவு நாள் ஆகிவிடும். அடுத்தடுத்த இரண்டு வாராந்தரக் கூட்டங்களில் "போய்க்கொண்டிருக்கிறது" என்றே பதில் வந்தால் அந்தப் பணியை உடைத்துவிடுவேன்.

இன்னொன்று: எல்லாவற்றையும் முதல் நாளே உடைக்காதீர்கள். அடுத்த ஒரு மாத வேலை துண்டுதுண்டாக இருக்கட்டும், அதற்கப்பால் உள்ளவை முழுத் தலைப்புகளாகவே கிடக்கட்டும். ஆறு மாதம் கழித்து நடக்கும் திறப்பு விழாவுக்கு இன்றே 40 துணைப்பணிகள் எழுதினால், அவற்றில் பாதியை அன்றைக்கு அழிக்கத்தான் நேரம் செலவாகும்.

எத்தனை அடுக்குகள் போகலாம்?

மூன்று. ஜிராவின் இயல்பான அமைப்பும் அதுதான்: எபிக் என்ற பெருந்தலைப்பு, அதன் கீழே ஸ்டோரி அல்லது டாஸ்க், அதன் கீழே சப்டாஸ்க். எமேக்ஸ் என்ற உரைத்திருத்தியின் ஆர்க்-மோட் போன்ற கருவிகளில் எவ்வளவு ஆழமும் போகலாம்; தனி ஆளுக்கு அது சொர்க்கம். குழுவில் நான்காம் அடுக்கில் கிடக்கும் பணியை எழுதியவரைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. நான்காவது அடுக்கு தேவைப்படுகிறதே என்றால் ஒன்று செய்யலாம்: அதைப் பணியாக வைக்காமல், மூன்றாம் அடுக்குப் பணிக்குள் செக்லிஸ்ட்டாக எழுதிவிடுங்கள். செக்லிஸ்ட் வரிக்குத் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்று தோன்றினால், அது உண்மையில் மூன்றாம் அடுக்குப் பணி, தப்பான இடத்தில் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே திட்டமாக வைப்பதா, பல திட்டங்களாகப் பிரிப்பதா?

ஒரே ஆட்கள், ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிற வேலைகள் ஒரே திட்டத்தில் இருக்கட்டும். அலமாரி பொருத்துபவர்களும் அட்டவணை திருத்துபவர்களும் சந்திக்கவே மாட்டார்கள் என்றால் தனித்தனித் திட்டங்கள் போடலாம். அப்படிப் பிரித்தால், மேலே ஒரு தாய்த் திட்டம் வேண்டும். அதில் மைல்கற்கள் மட்டும், பத்துப் பதினைந்துக்கு மிகாமல். தலைமை நூலகர் பார்க்க வேண்டியது அந்த ஒரு பக்கம்தான்.

அனுமதி விஷயத்துக்காக மட்டும் பிரிப்பவர்களும் உண்டு. வெளி ஒப்பந்ததாரருக்கு உள்விவகாரங்கள் தெரியக் கூடாது என்றால் வேறு வழியில்லை, பிரிக்கத்தான் வேண்டும்.

பணிக்குப் பெயர் வைப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 'பார்கோடு' என்று ஒரு பணி. யார் என்ன செய்ய வேண்டும்? வாங்க வேண்டுமா, அச்சடிக்க வேண்டுமா, ஒட்ட வேண்டுமா, பழுதைப் பார்க்க வேண்டுமா? எழுதிய நாளன்று எழுதியவருக்குத் தெரியும். மூன்று வாரம் கழித்து அவருக்கே தெரியாது.

வினையில் முடியுங்கள், முடிவு தெரியும்படி எழுதுங்கள்: 'குழந்தைகள் பிரிவுப் புத்தகங்கள் 3,200-க்கும் பார்கோடு ஒட்டுதல்'. பொறுப்பாளர் அன்று விடுப்பில் இருந்தாலும் இன்னொருவர் தலைப்பைப் படித்து வேலையைத் தொடங்கிவிட வேண்டும், அதுதான் என் சோதனை. 'ஆராய்தல்', 'கவனித்தல்', 'ஒருங்கிணைத்தல்' என்ற சொற்களைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். 'விலை ஒப்பிட்டு இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தல்' என்றால் எங்கே முடிகிறது என்று தெரியும். 'அலமாரி விஷயத்தைக் கவனித்தல்' என்றைக்கும் முடியாது.

ஒரு பணிக்கு இரண்டு பொறுப்பாளர்களைப் போடலாமா?

கூடாது. உதவுபவர்கள் எத்தனை பேரும் இருக்கலாம். பெயர் ஒன்றுதான். இரண்டு பெயர் போட்டால் அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் இருந்துவிடுவார்கள்.

டேக் எத்தனை வைக்கலாம்?

பணிகளில் ஒட்டும் குறிச்சொல்தான் டேக். ஒரு டேக்கைச் சொடுக்கி, வந்த பட்டியலைப் பார்த்து நீங்கள் கடைசியாக எப்போது ஏதாவது செய்தீர்கள்? பதில் வரவில்லையென்றால் அந்த டேக்கை நீக்குங்கள். என் அனுபவத்தில் உருப்படியாகப் பயன்படுவது இரண்டு: 'வெளியாள் பதிலுக்குக் காத்திருப்பு', 'முடிவு தேவை'. 'அவசரம்' என்ற டேக் இரண்டு வாரத்தில் எல்லாப் பணிகளிலும் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாப் பணிக்கும் கெடு தேதி போட வேண்டுமா?

பட்டியலில் பொய் நுழையும் பெரிய வாசல் இதுதான். மென்பொருளில் தேதிக் கட்டம் காலியாக இருந்தால் உறுத்துகிறது, உடனே வெள்ளிக்கிழமை என்று போட்டுவிடுகிறோம். வெள்ளி போகிறது, பணி சிவப்பாகிறது, ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அடுத்த மாதம் திரையில் 60 சிவப்புகள். அவற்றில் நான்கு உண்மையான அபாயம். அந்த நான்கையும் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துவிட்டது.

தவறினால் ஏதாவது கெட்டுவிடும் என்ற தேதிகளை மட்டும் கெடுவாகப் போடுங்கள். பழைய கட்டடத்தின் வாடகை ஒப்பந்தம் முடியும் நாள் கெடு. அட்டவணை அட்டைகளைத் தரம் பிரிக்க நீங்கள் ஆசைப்படும் நாள் கெடு அல்ல. அதைத் தொடக்கத் தேதியாகவோ மாத இலக்காகவோ வைத்துக்கொள்ளலாம். பல கருவிகள் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் தருகின்றன.

சரி, உண்மையான கெடுவையும் ஏன் தவறவிடுகிறோம்? உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் திட்டமிடல் மயக்கம் என்று இதற்குப் பெயரிட்டார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள், ஆனது 55.5 நாள். தாங்கள் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம்தான். மனிதர்கள் நம்பிக்கையோடு கணிக்கிறார்கள், அதைத் திருத்த முடியாது. ஆனால் கேள்வியை மாற்றலாம். "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்காமல், "போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆனது?" என்று கேளுங்கள். முடிந்த பணிகளை அழிக்காமல் வைத்திருந்தால் மென்பொருளே அந்தப் பதிலைத் தரும்.

முன்னுதாரணமே இல்லாத வேலைக்கு மூன்று எண்கள் வாங்குங்கள்: எல்லாம் நல்லபடி நடந்தால், வழக்கம்போல் நடந்தால், எல்லாம் கெட்டால். 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறை இவற்றை இப்படிக் கூட்டும்: நல்லது, நான்கு மடங்கு வழக்கம், கெட்டது, மூன்றையும் கூட்டி ஆறால் வகு. 4, 6, 14 நாள் என்றால் விடை 7. சூத்திரத்தைவிட அந்த மூன்றாவது எண்ணைக் கேட்கும்போது வரும் பேச்சுதான் எனக்குப் பயன்பட்டிருக்கிறது. "ஏன் 14?" என்றால் அதுவரை வாய் திறக்காதவர், "அந்த அச்சு இயந்திரம் ஏற்கெனவே ஒருமுறை படுத்துவிட்டதே" என்பார்.

ஒன்றை நம்பி ஒன்று இருக்கும் பணிகளை எப்படிக் காட்டுவது?

எல்லாக் கண்ணிகளையும் வரைந்தால் சிலந்திவலை ஆகிவிடும். திட்டத்தின் கடைசி நாளைத் தீர்மானிக்கும் கண்ணிகளை மட்டும் மென்பொருளில் கட்டுங்கள். இதற்கு முக்கியப் பாதை என்று பெயர். 1950களின் கடைசியில் டூபான்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து இந்தக் கணக்கை உருவாக்கின.

நூலகத்தில் அட்டவணை சீர்செய்ய 20 நாள், பார்கோடு அச்சடிக்க 5, ஒட்ட 30. ஆக 55 நாள் கழித்துத்தான் புத்தகங்களை நகர்த்த முடியும். நகர்த்தி அடுக்க இன்னும் 10. மொத்தம் 65. இன்னொரு பக்கம், அலமாரி வாங்கிப் பொருத்த 40 நாள். அலமாரி பத்து நாள் தாமதமானாலும் திறப்பு விழா நகராது, 15 நாள் இடைவெளி இருக்கிறது. பார்கோடு ஒட்டுவது ஒரு நாள் தாமதமானால் திறப்பும் ஒரு நாள் தள்ளும். ஆனால் நடைமுறையில் பார்த்தால் எல்லோரும் அலமாரிக்காரரைத்தான் தொலைபேசியில் விரட்டிக்கொண்டிருப்பார்கள், அவர் வெளியாள் என்பதால்.

பலகை, பட்டியல், காண்ட் படம்: எது சரியான பார்வை?

யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வேலை செய்பவருக்குத் தன் பெயரில் இருக்கும் பணிகளின் பட்டியல் போதும். குழுவுக்குக் கான்பான் பலகை, அதாவது பணிகளை நிலைவாரியாகப் பத்திகளில் காட்டும் பலகை, எங்கே தேங்குகிறது என்று கண்ணால் தெரியும். தேதியைப் பற்றிக் கேட்கும் மேலிடத்துக்கு, பணிகளைக் காலக்கோட்டில் பட்டைகளாகக் காட்டும் காண்ட் படம். ஒரே தரவின் மூன்று முகங்களாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. காண்ட் படத்தைத் தனியாக ஒரு விரிதாளில் வரைந்து கையால் திருத்துவது ஆரம்பமானால் இரண்டு உண்மைகள் உருவாகிவிடும்; பிறகு எதை நம்புவது?

எல்லாமே பாதியில் நிற்கிறது. என்ன செய்ய?

பலகையின் 'நடப்பில்' என்ற பத்தியில் எத்தனை கார்டுகள் என்று எண்ணுங்கள். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த வரிசைக் கோட்பாடு எளிமையானது: ஒரு பணி முடிய ஆகும் சராசரிக் காலம், நடப்பில் உள்ள எண்ணிக்கையை வாரத்துக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால் வரும். 30 பணிகள் நடப்பில், வாரம் 6 முடிகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரி 5 வாரம். நடப்பை 12-ஆகக் குறைத்து, வேகம் அதே 6-ஆக இருந்தால் 2 வாரம். ஆட்கள் அதே ஆட்கள்தான். பத்தியின் தலையில் வரம்பு எண் போடும் வசதி பல பலகைகளில் உண்டு. போட்டுவிட்டு முதல் இரண்டு வாரம் வரும் முணுமுணுப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

ஆள் கூட்டினால் வேகம் கூடாதா?

பார்கோடு ஒட்டுவதற்குக் கூடும். அட்டவணை விதிகளை வகுப்பதற்குக் கூடாது. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஆள் கூடக் கூட, இருவர் இருவராகப் பேச வேண்டிய பேச்சுவழிகள் பெருகும்: 5 பேர் குழுவில் 10. 10 பேர் என்றால் 45. 20 பேர் என்றால் 190.

'80% முடிந்தது' என்பதை எப்படிப் பதிவது?

பதியாதீர்கள். நிரலாளர்கள் மத்தியில் 1985-இல் அச்சேறிய ஒரு கிண்டல் உண்டு: முதல் 90 சதவீத வேலை 90 சதவீத நேரத்தை விழுங்கும், மிச்சம் 10 சதவீதம் இன்னொரு 90 சதவீத நேரத்தை விழுங்கும். பெல் லேப்ஸின் டாம் கார்கில் சொன்னது. எண்ணக்கூடியதை எண்ணுங்கள், 3,200-இல் 2,100 ஒட்டியாயிற்று என்பது தகவல். எண்ண முடியாத வேலைக்கு பேஸ்கேம்ப் மென்பொருள் 2018-இல் கொண்டுவந்த மலைப் படம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு வேலையும் மலைமேல் ஒரு புள்ளி: எப்படிச் செய்வது என்றே தேடிக்கொண்டிருந்தால் ஏற்றம். வழி தெரிந்து செய்துகொண்டிருந்தால் இறக்கம். மூன்று வாரமாக ஒரு புள்ளி ஏற்றத்திலேயே நின்றால் அங்கே போய்ப் பேச வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் பணிகளுக்கு?

தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அடுத்த முறை காலண்டர்ப்படி வர வேண்டுமா, கடைசியாக முடித்த நாளிலிருந்து கணக்கிட வேண்டுமா என்பதை மட்டும் கவனியுங்கள். டூடூயிஸ்ட் மென்பொருளில் 'எவ்ரி' என்ற சொல்லுக்குப் பின் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் இரண்டாவது வகை. மாதாந்தர அறிக்கைக்கு முதல் வகை, ஈரப்பதம் நீக்கும் கருவியின் வடிகட்டியை மாற்றுவது போன்றவற்றுக்கு இரண்டாவது.

குழுவில் யாரும் அப்டேட் செய்வதே இல்லை. எப்படிச் செய்ய வைப்பது?

நீங்கள் கூட்டத்தில் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை செய்ய மாட்டார்கள். எப்படியும் கேட்கப்போகிறீர்கள், இரண்டு தடவை ஏன் சொல்ல வேண்டும்? கூட்டத்தில் பலகையைத் திரையில் போட்டு, பலகையில் இல்லாததைப் பேசுவதில்லை என்று வையுங்கள். ஒரு பணியைப் பற்றிய கேள்வியை அரட்டைக் குழுவில் கேட்காமல் பணியின் கீழேயே கேளுங்கள். பதிலும் அங்கேயே வரும்.

கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டங்களையும் எண்ணிப் பாருங்கள். ஒரு குழுவில் புதுப் பணி போட 11 கட்டங்கள் நிரப்ப வேண்டியிருந்தது. ஆட்கள் சோம்பேறிகள் என்று நிர்வாகம் நினைத்தது. நாங்கள் அதைத் தலைப்பு, பொறுப்பாளர், நிலை என்று மூன்றாக்கிய வாரமே பணிகள் வந்து விழத் தொடங்கின. அந்த 11 கட்டங்களையும் வடிவமைத்தது நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வாராந்தரப் பார்வை எப்படி இருக்க வேண்டும்?

அரை மணி நேரம், ஒரே ஆள். கூட்டம் வேண்டாம். இரண்டு வாரமாக யாரும் தொடாத பணிகளை வடிகட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வழிதான்: அழி, தள்ளிவை, பொறுப்பாளரிடம் கேள். 'இருக்கட்டும் பார்க்கலாம்' என்ற நான்காவது வழியில்தான் பட்டியல் அழுகுகிறது.

நடுவழியில் வேறு மென்பொருளுக்கு மாறலாமா?

பெரும்பாலும் வேண்டாம். சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கி ஏற்றும்போது தலைப்பும் தேதியும் வந்துவிடும்; கருத்துரைகள், இணைப்புகள், கண்ணிகள் பல சமயம் வழியில் விழுந்துவிடும். மாறியே தீர வேண்டுமென்றால் பழையதைப் படிக்க மட்டும் திறந்து வைத்துவிட்டு, உயிரோடுள்ள பணிகளை மட்டும் கையால் புதிதாக எழுதுங்கள். கையால் எழுதச் சோம்பல்படும் பணி அநேகமாகத் தேவையில்லாத பணி.

பட்டியல் 800-ஐத் தாண்டிவிட்டது. மீட்க முடியுமா?

முடியும், ஒவ்வொன்றாகப் படித்து அல்ல. 90 நாளாக அசையாத எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'காப்பகம்' என்ற தனித் திட்டத்துக்கு நகர்த்துங்கள். அழிக்கவில்லை என்பதால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மிச்சமிருப்பதில் கெடுக்களை எல்லாம் நீக்கிவிட்டு, உண்மையானவற்றை மட்டும் மறுபடி போடுங்கள். பிறகு முக்கியப் பாதையை மட்டும் கட்டுங்கள். ஒரு நாள் வேலை. காப்பகத்துக்குள் போய் யாராவது எதையாவது தேடி எடுத்தால் அது திரும்பி வரட்டும். நான் இப்படிச் செய்த தடவைகளில் திரும்பி வந்தவை விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

திட்டம் முடிந்ததும் பட்டியலை அழித்துவிடலாமா?

பூட்டி வையுங்கள், அழிக்காதீர்கள். அடுத்த கிளை நூலகத்தை மாற்றும்போது "3,200 புத்தகங்களுக்குப் பார்கோடு ஒட்ட எத்தனை நாள் ஆனது?" என்று யாராவது கேட்பார்கள். தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் அதில் இருக்கும்.